ஓடு துறந்த நத்தை

தூத்துக்குடி முயல் தீவில் வற்றம் விழுந்து, பாறைக் குழிகளில் மட்டும் தண்ணீர் நின்ற ஒரு காலை. குழி ஒன்றின் ஓரத்தில் குத்தவைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லோடு ஒட்டி உள்ளங்கை அகலத்துக்குக் கடற்பஞ்சு வளர்ந்திருந்தது. அதன் மேல் வெண்ணெய் நிறத்தில் ஏதோ நகர்ந்தது. நீளம் பெருவிரல் அளவு இருக்கும். மேனி வெண்பட்டு. விளிம்பு மட்டும் கொசுவம் வைத்தாற்போல மடிந்து மடிந்து ஓட, அந்த மடிப்பு நெடுகக் கறுப்பில் மெல்லிய கரை. தலைப் பக்கம் இரண்டு கருங்கொம்புகள். முதுகின் பின்பாதியில் சின்னப் பூவாக விரிந்த செவுள். விரலால் தண்ணீரை லேசாகக் கலக்கினேன். பூ முழுக்க உள்ளே போய்விட்டது. நான் கையை எடுத்து, தண்ணீர் தெளிந்து, வெகுநேரம் கழித்து இதழ் இதழாக வெளியே வந்தது.

என்னோடு வந்தவர் புன்னைக்காயல்காரர். நாற்பது வருஷம் சங்கு குளித்தவர். காது இப்போது மந்தம், கண் மட்டும் இன்னும் பருந்துக் கண். குழிக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"இதுக்கு என்ன பேரு அண்ணாச்சி?"

"பூச்சி தம்பி. பேரு கீருன்னு ஒண்ணும் கெடையாது. சங்குன்னா பேரு உண்டு, சிப்பின்னா பேரு உண்டு. ஓடே இல்லாததுக்கு எதுக்குப் பேரு?"

அவர் அலட்சியமாகச் சொல்லவில்லை. ஒரு தொழில்காரர் தன் தொழிலின் கணக்கைச் சொன்னார், அவ்வளவுதான். ஆனாலும் அந்த வார்த்தை என்னை விடவில்லை. திருநெல்வேலிக்குத் திரும்பும் பேருந்தில், வல்லநாட்டு மலை கண்ணில் படும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அவருக்குத் தெரிந்த பெயர்களை வரிசையாகச் சொன்னால் நமக்கு மூச்சு வாங்கும். வலம்புரி, இடம்புரி, ஐவிரல் சங்கு, யானைமுள்ளி என்று ஓட்டின் சுழியையும் முள்ளையும் வைத்தே பெயர்கள். காற்றுக்குக் கொண்டல், கச்சான், வாடை, சோழகம். கடலின் ஆழத்துக்குப் பாகம். சிப்பி விளையும் கடலடித் திட்டுகளுக்குப் பார் என்று பெயர். அந்தப் பார்களுக்கும் தனித்தனியே பெயர் உண்டு, தொலையாயிரம் பார் என்பதுபோல. மேலே நின்று பார்த்தால் ஒரே நீலமாகத் தெரியும் கடலை வயல் வரப்புகளைப்போலப் பிரித்துப் பெயர் வைத்தவர்கள் இந்தக் கரைக்காரர்கள். இத்தனை பெயர் வைத்த வாய், இந்த வெண்பட்டுக்காரிக்கு மட்டும் பெயர் வைக்காமல் போனது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

அறிவியலில் இதற்குப் பெயர் இருக்கிறது: டோரிப்ரிஸ்மேட்டிகா அட்ரோமார்ஜினேட்டா. பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே 1804-ல் விவரித்தது. பின்பாதிப் பெயருக்குக் கருவிளிம்பு உடையது என்று பொருள். தமிழில் எழுதப்போனால் கடல் அட்டை என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது தவறு. கடல் அட்டை வேறு, அது நட்சத்திரமீனின் உறவு. இதுவோ நத்தை. சங்கும் இதுவும் ஒரே குலம். ஒன்று ஓட்டை வைத்துக்கொண்டது, மற்றது ஓட்டைக் கைவிட்டது. உலகக் கடல்களில் இப்படி ஓட்டைக் கைவிட்டு, செவுளை வெளியே விரித்துத் திரியும் நத்தைகள் ஏறக்குறைய 3,000 இனங்கள். மன்னார் வளைகுடாவில் கறுப்பு உடம்பில் நீல வரப்பும் அதன்மேல் மஞ்சள் குமிழும் வைத்த ஃபில்லிடியா உண்டு. பாசியைத் தின்று, அதன் பச்சையத்தைத் தன் உடம்புக்குள்ளேயே வைத்துக்கொள்ளும், ஓடு துறந்த வேறொரு வகையான எலிசியாவும் உண்டு.

கைவிட்டது என்று சொன்னேன். அது வெறும் பேச்சுவாக்கில் வந்த சொல் இல்லை. இந்த நத்தைகள் பிறக்கும்போது ஓட்டோடுதான் பிறக்கின்றன. முட்டைகள் ஒரு நாடாவாக வரும். அந்த நாடாவை விளிம்பு மேலே தெரிய நிறுத்திச் சுற்றி வைத்திருக்கும், சுருட்டி நிறுத்திய பத்தமடைப் பாய் மாதிரி. அதே குழியின் இன்னொரு பக்கத்தில் ஒரு சுருள் இருந்தது. அரை ரூபாய் நாணய அகலம்கூட இல்லை, அதற்குள் ஆயிரக்கணக்கான முட்டைகள். பொரித்து வரும் குஞ்சுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு சுழி ஓடும், அதற்கு ஒரு மூடியும் உண்டு. அந்த நிலையில் அது சங்குக் குஞ்சுக்கு அப்படியே தங்கச்சி. கடல் நீரோட்டத்தில் மிதந்து அலையும். தான் வளர்ந்தபின் தின்னப்போகும் உணவின் வாடை தண்ணீரில் கரைந்து வந்து அதைத் தொட வேண்டும். தொட்டால் கீழே இறங்கும், ஓட்டை உதிர்க்கும், ஊரத் தொடங்கும். தொடவில்லையென்றால் மிதந்துகொண்டே இருந்து சாகும். நகர நகர இடம் மாற்றி வேறு எதையாவது தின்று பிழைத்துக்கொள்ளும் ஜாதி இது இல்லை. பெரும்பாலும் ஒவ்வோர் இனத்துக்கும் குறிப்பிட்ட சில உணவுதான்.

ஓடு போன பிறகு எதை நம்பி வாழ்கிறது? அது தின்னும் கடற்பஞ்சில் கசப்பான, நஞ்சான வேதிப்பொருள்கள் இருக்கின்றன. அவற்றைச் செரித்துவிடாமல் எடுத்து, உடம்பின் விளிம்பில் உள்ள சிறு சுரப்பிகளில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. கடிக்க வரும் மீன் முதலில் வாய் வைக்கும் இடம் விளிம்பு. நான் சேலைக் கரை என்று பார்த்து மகிழ்ந்த கறுப்புக் கோடு ஓடுகிற இடமும் அதுதான். ஒருமுறை வாய் வைத்த மீன் மறுமுறை அந்தக் கோட்டைக் கண்டால் விலகிப் போகும்.

அந்த நிறத்தை அது ஒருநாளும் கண்டதில்லை. கண் என்று இருப்பது தோலுக்கு அடியில் இரண்டு புள்ளி. வெளிச்சம், இருட்டு, இந்த வேற்றுமைக்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. மற்ற எல்லாவற்றையும் அது கொம்பால் முகர்கிறது, வாயோரத்தால் தொடுகிறது, சுவைக்கிறது. இணையைத் தேடுவதும் முன்னே போனதன் சளித் தடத்தைச் சுவைத்துச் சுவைத்துத்தான். தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின்படி அடுக்கும்போது நந்தை, அதாவது நத்தைச் சாதியை, ஈரறிவு உயிராக வைக்கிறது. உடம்பால் தொட்டு அறிவது ஒன்று, நாவால் சுவைத்து அறிவது இன்னொன்று. மண்ணிலும் நீரிலும் ஊர்ந்ததைக் குனிந்து பார்த்து எழுதிய ஒருவன் பின்னால் நின்றால்தான் இப்படி ஒரு வரிசை வரும். அந்தக் குனிதல் நம்மிடம் எப்போது விட்டுப்போனது என்பதுதான் என் வருத்தம்.

விட்ட இடத்தில் வேறொருவர் குனிந்தார். வால்டர் எலியட் என்ற சென்னை மாகாணத்து ஆட்சி அதிகாரி. 1845-ல் அமராவதி ஸ்தூபத்தைத் தோண்டிச் சிற்பங்களைச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் என்று வரலாற்று மாணவர்கள் அறிவார்கள். அவருக்கு நாணயம், கல்வெட்டு, பறவை, மீன், நத்தை எல்லாவற்றிலும் பித்து. வடசர்க்கார் பகுதிக்கு ஆணையராக இருந்த காலத்தில், விசாகப்பட்டினத்தை அடுத்த வால்டேர் கரையில் ஓடில்லாக் கடல்நத்தைகளைச் சேர்த்தார். இந்த உயிர்களைச் சேர்ப்பதில் ஒரு துயரம் இருக்கிறது. சாராயத்தில் போட்டால் நிறம் கொஞ்ச நாளில் போய்விடும். வெண்பட்டும் கருங்கரையும் செங்குமிழும் வடிந்து, சுருங்கிய சாம்பல் கட்டி ஒன்றுதான் சீசாவில் மிஞ்சும். அதனால் உயிரோடு இருக்கும்போதே வண்ணத்தில் வரைந்தாக வேண்டும். எலியட் தன் இயற்கை ஓவியங்களுக்கு இந்த நாட்டு ஓவியர்களை வைத்திருந்தார். தட்டில் கடல்நீர் ஊற்றி, அதில் ஊரும் நத்தையைப் பார்த்து, அது சாவதற்குள் நிறத்தைத் தாளில் பிடித்த அந்தக் கையை அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். அந்தக் கைக்குரியவரின் பெயரை நத்தையின் பெயரோடு சேர்த்துச் சொல்லும் வழக்கம் இல்லை.

சேகரித்தவை இங்கிலாந்தின் நியூகாசிலில் இருந்த ஆல்டர், ஹேன்காக் என்ற இரு அறிஞர்களிடம் போயின. 1864-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் புதுப் பேரினம் ஒன்றுக்குச் சூட்டிய பெயர் கலிங்கா. இனத்தின் முழுப் பெயர் கலிங்கா ஓர்னேட்டா. வால்டேர் பழைய கலிங்க நாட்டுக் கரை. ஓர்னேட்டா என்றால் அணி செய்யப்பட்டது. பளிங்குபோன்ற உடம்பில் செக்கச் சிவந்த குமிழ்கள் பதித்த உயிர் அது. கடலடியில் தொட்டால் கை ஒடிந்து விழும் மெல்லிய நட்சத்திரமீன் வகை ஒன்று உண்டு, அதைத் தின்று வாழ்கிறது.

இந்தப் பெயரை முதன்முதலாகப் படித்த அன்று சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கலிங்கம் என்றால் பழந்தமிழில் ஆடை. கலிங்க நாட்டிலிருந்து வந்த நேர்த்தியான துணிக்கு அந்த நாட்டின் பெயரே ஆகி, பிறகு எந்த நல்ல ஆடைக்கும் அது பெயராயிற்று. ஆடையில்லாச் செவுள் என்று பொருள்படும் பெயரால் ஐரோப்பா இந்த வரிசை முழுவதையும் அழைக்கிறது. அந்த வரிசையில் ஒன்றுக்குத் தமிழ்க் காதில் ஆடை என்று ஒலிக்கும் பெயர் வந்து அமைந்துவிட்டது. பெயர் வைத்த நியூகாசில்காரர்களுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. எலியட்டுக்குத் தெரிந்திருக்குமா என்று யோசிக்கத் தோன்றுகிறது, ஏனென்றால் அவருக்குத் தமிழோடு உறவு இருந்தது. முதுமையில் ஸ்காட்லாந்தில் பார்வை ஏறக்குறைய முழுவதும் போய்விட்ட நிலையிலும் அந்த உறவு அறவில்லை. 1887 மார்ச் 1 காலையில் தமிழ் நூல் தொடர்பாக ஜி. யு. போப்புக்கு ஒரு கடிதம் சொல்லச் சொல்ல எழுதவைத்து, தன் கையால் கையெழுத்துப் போட்டார். அன்றே இறந்துபோனார். அந்தப் போப் 1840-களில் தமிழ் படித்துக்கொண்டும் பள்ளி நடத்திக்கொண்டும் இருந்தது நம் சாயர்புரத்தில். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்கு அது தூரமில்லை.

இந்தக் குனிதல் எலியட் ஒருவரோடு நின்றுவிடவில்லை. மன்னார் வளைகுடாவின் அந்தப் பக்கம், இலங்கையில் பிறந்த மருத்துவர் எட்வர்ட் ஃபிரெடெரிக் கெலார்ட், 1850-களில் உயிருள்ள கடல்நத்தைகளைப் பார்த்து விவரித்தார். அரசு அவரிடம் ஒப்படைத்த வேலை மன்னார் முத்துச்சிப்பியின் இயற்கை வரலாற்றை ஆராய்வது. அரசு கேட்டது முத்து. முத்துக்குப் பக்கத்தில் ஊர்ந்த, விலையில்லாத ஒன்றின் மேலும் அவர் கண் போயிற்று. 1860-ல் இங்கிலாந்துக்குப் போகும் வழியில் கப்பலிலேயே இறந்தார். அவருடைய ஓவியங்களையும் ஆல்டர், ஹேன்காக்கின் சேகரிப்பையும் ஒப்பிட்டுத் தென்னிந்திய, இலங்கைக் கடல்நத்தைகளைப் பற்றி 1906-ல் எழுதியவர் இன்னொரு எலியட், சார்ல்ஸ் எலியட். தொழிலால் அரசதந்திரி, பின்னால் ஜப்பானில் பிரிட்டிஷ் தூதர். இந்து சமயமும் பௌத்தமும் குறித்து மூன்று தொகுதி எழுதியவரும் அவரே. வேலை ஒன்றும் விருப்பம் இன்னொன்றுமாக இருந்த மனிதர்களின் ஓய்வு நேரத்தில்தான் இந்த நத்தைகளுக்கு இடம் கிடைத்திருக்கிறது.

நம் கரையில் அந்த இடம் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டால், கொற்கைக்குப் போனால் விடை ஓரளவு தெரியும். இன்று கொற்கையிலிருந்து கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் துறைமுகத்தைக் கரையாக்கிவிட்டது. வாழைத் தோட்டத்துக்கு நடுவில் தோண்டினால் சங்கும் சிப்பியும் வரும். கால்டுவெல் தோண்டினார், பின்னால் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டியது. அறுத்த சங்கும் வளையல் துண்டும் பாண்டியர் துறைக்குச் சாட்சி சொல்கின்றன. ஓடு இருந்ததால் சாட்சி இருக்கிறது. முத்தும் சங்கும் இந்த ஆற்று முகத்தின் செல்வமாக, வரியாக, கப்பல் சரக்காக இருந்தன. இந்தியப் பக்கத்தில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதுவரை இந்தக் கடலை நாம் ஓட்டின் வழியாகவே பார்த்துப் பழகிவிட்டோம். ஓடில்லாத நத்தை ஏறக்குறைய ஓர் ஆண்டு வாழ்ந்து, செத்தால் இரண்டு நாளில் கரைந்து போகும். மண்ணுக்கு அடியில் அது எதையும் விட்டுவைக்காது. கொற்கைத் துறையில் முத்து எண்ணியவர்களின் காலடியிலும் இந்த வெண்பட்டு ஊர்ந்திருக்கும். அதற்கு ஒரு துண்டுத் தடயமும் எந்தக் குழியிலும் வராது.

சட்டமும் இப்படித்தான் பார்த்திருக்கிறது. 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் கடல் உயிர்கள் பல சேர்க்கப்பட்டன. பவளங்கள் வந்தன, கடல் அட்டைகள் வந்தன, மெல்லுடலிகளில் 24 இனங்கள் வந்தன. அந்த 24-ம் ஓடுள்ளவை. அலமாரியில் வைக்க ஆசைப்பட்டு மனிதன் எடுப்பதைத் தடுக்கும் பட்டியல் அது, அந்த அளவில் அது சரியே. ஆனால் ஓடில்லாததை யாரும் எடுத்துப்போய் அழிப்பதில்லை. அது ஒட்டி வாழும் கல்லும் கடற்பஞ்சும் போவதால் அது அழிகிறது.

கல் போன கதை தூத்துக்குடிக்காரர்களுக்குத் தெரியும். பவளப் பாறையைப் பெயர்த்துச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் கொண்டுபோன காலம் ஒன்று இருந்தது. 1986-ல் இந்தக் கடலின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவாயின. அதே ஆண்டுதான் திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்தது. அந்தத் தீவுகளில் விலாங்குசல்லி இன்று நீருக்கு அடியில். வான் தீவு தேய்ந்து தேய்ந்து, அலையைத் தடுக்கக் கடலடியில் கான்கிரீட் கட்டமைப்புகளை இறக்கிக் காப்பாற்ற வேண்டிய நிலைக்கு வந்தது. 2010-லும் 2016-லும் நீர் சூடேறிப் பவளம் வெளுத்தது. இழுவை மடி ஓடும் மணல் தரையில் கலிங்கா போன்றவை மடியோடு மேலே வந்து, நண்டுக் காலுக்கும் குட்டி மீனுக்கும் இடையில் நசுங்கிக் கழிசலாகிக் கோழித் தீவனத்துக்குப் போகின்றன. சிவப்பு நிறம் தண்ணீரில் சில பாகம் ஆழத்துக்குள்ளேயே மங்கிக் கறுத்துவிடும். தான் வாழும் தரையில் யார் கண்ணுக்கும் தெரியாத அந்தச் சிவப்பு, வெயிலில் தெரியும் ஒரே நேரம் படகின் தளத்தில் கொட்டப்படும் நேரம்தான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. ஆறு ஏரலையும் ஸ்ரீவைகுண்டத்தையும் மூழ்கடித்துப் புன்னைக்காயல் வழியாகக் கடலில் விழுந்தது. ஆளும் மாடும் வீடும் போன நேரத்தில் நத்தையை நினைக்க எனக்கும் மனம் வரவில்லை. பல மாதம் கழித்து, அந்தக் குழியோரத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் நினைவு வந்தது. நன்னீரும் சேறும் கலந்து வரும்போது சங்கு உள்ளே இழுத்து மூடியைச் சாத்திக்கொள்ளும். இதற்குச் சாத்துவதற்குக் கதவு ஏது? உப்புக் குறைந்தால் உடம்பு ஊதும். நாம் குடிக்கும் ஆறுதான் அதற்குச் சில நாள் நஞ்சு. மறுபடி அந்தக் கல்லில் நத்தை ஊர்கிறதென்றால், எங்கிருந்தோ ஒரு குஞ்சு ஓட்டோடு மிதந்து வந்து, இங்கே கடற்பஞ்சு மிச்சமிருக்கிற வாடையை அறிந்து இறங்கியிருக்கிறது.

அதே டிசம்பரில், மிக்ஜாம் புயலுக்குப் பிறகு, சென்னை பெசன்ட் நகர்க் கரையில் நீலக் கடல்நாகம் என்று செய்தித்தாள்கள் எழுதிய கிளாக்கஸ் ஒதுங்கியது. அதுவும் ஓடு துறந்த நத்தைதான். கரைக்கு வராமல் நடுக்கடலின் மேற்பரப்பில் தலைகீழாக மிதப்பது, கொட்டும் சொறி வகைகளைத் தின்று அவற்றின் கொடுக்குகளைத் தனதாக்கிக்கொள்வது. தொடாதீர்கள் என்ற எச்சரிக்கையோடு அதன் கதை முடிந்துபோனது. எச்சரிக்கை சரி. அதோடு நின்றுவிட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முயல் தீவிலிருந்து கிளம்பும் முன் முட்டைச் சுருளைப் பெரியவருக்குக் காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார். "குஞ்சுக்கு ஓடு உண்டுன்னா சொல்றே?" என்று கேட்டார். உண்டு, சங்குக் குஞ்சு மாதிரியே இருக்கும், மூடிகூட உண்டு என்றேன். "அப்ப சங்குச் சாதிதான். நாம பாக்காம விட்டுட்டோம்" என்றார். பிறகு தண்ணீர் ஏறத் தொடங்கியது. குழி மறைந்தது.

புன்னைக்காயல், காயல்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு, உவரி, இடிந்தகரை, கூத்தங்குழி, எந்தக் கரையிலாவது உங்கள் பாட்டனோ பாட்டியோ இந்த நிறப் பூச்சியை ஒரு தனிப் பெயரால் அழைத்ததாக ஞாபகம் இருந்தால், அந்தச் சொல்லை ஊர்ப் பெயரோடு இந்தப் பத்திரிகைக்கு எழுதி அனுப்புங்கள். அப்படி ஒரு சொல் வந்து சேரும்வரை நான் இதைக் கலிங்க நத்தை என்றே எழுதிக்கொண்டிருப்பேன். வற்ற நேரத்தில் கரைக்குப் போகிறவர்கள் கல்லைப் புரட்டிப் பார்த்தால், பார்த்த பிறகு அந்தக் கல்லை இருந்தபடியே திருப்பி வைத்துவிட்டு வாருங்கள்.